ஒரு வரியை அடிக்க வந்தவர்

சான் தெல்மோ நகராட்சியில் எழுத்தர் நான்.
போர் முடிந்து இருபத்து மூன்று வருஷம்.
பென்ஷனுக்கு வருகிறவர்கள் எல்லாம்
சேர்க்கச் சொல்லித்தான் வருவார்கள்:
இன்னொரு சண்டை, இன்னொரு காயம்,
எதிரிகளின் தொகைக்குப் பின்னால் இன்னொரு சுழி.
சேர்ப்பேன்.
மை அரசாங்கத்துடையது.

கர்னல் எவுஸ்தாக்கியோ அர்ரெச்சேயா
முழங்கையில் ஒட்டுப்போட்ட லினன் கோட்டோடு வந்து
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
"ஒரு வரியை அடிக்கணும்" என்றார்.
அடித்தே பேர் வாங்கியவர்.
எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஏட்டை விரித்தேன்.

தொண்ணூற்றைந்து, ஜூலை: படையில் சேர்ந்தார்.
தொழில், கரும்பு வண்டி ஓட்டுதல்.
முதலாளியின் மாடுகள் இரண்டையும்
ஓட்டிக்கொண்டு போனது ஏட்டில் இல்லை.
மூன்றாம் நாள் பட்டாளம் அவற்றைத் தின்றது.
கண்ணீரோடு விலகி நின்றார் என்பது ஊர்ப்பேச்சு.
"நானும் தின்னேன்" என்பார் அவர்.

தொண்ணூற்றாறு: முள்கம்பி எல்லையைக் கடந்தார்.
குதிரைக் குளம்புகளில் சாக்கு சுற்றி,
காவல் கோபுரத்து ஸ்பானியனின் இருமல்
காதில் விழும் தூரத்தில்.

தொண்ணூற்றேழு: ஹோபோ ஆற்றுத்துறை.
முன்னால் நின்று குதிரைப்படையை நீரில் இறக்கி
வெட்டுக்கத்திகளால் பீரங்கி இரண்டைப் பிடித்தார்.
காயம் ஒன்று, மார்பில்.
அதற்காக மேஜர் பதவி.

"அதுதான்" என்றார்.

கேட்காதவன்போல் மேலே படித்தேன்.
தொண்ணூற்றெட்டு: கர்னல்.
வென்ற நகரத்துக்குள் நுழையக் கூடாதென்று
அமெரிக்கர்கள் வாசலில் நிறுத்திய படையில் இருந்தார்.
துப்பாக்கியைக் கொடுத்து எழுபத்தைந்து டாலர் பெற்றார்.
பிறகு கிராமக் காவல்படைக் கேப்டன்,
கவுன்சிலர், ஒரு தவணை மேயர்.
குடிநீர்க் குழாய் அவர் கொண்டுவந்தது.
லாட்டரி ஏஜென்சி, கட்சி அவருக்குக் கொடுத்தது.
அந்தக் கோட்டு
அப்போது தைத்ததாகத்தான் இருக்கும்.

"அதுதான்" என்றார் மறுபடி.
எழுந்து, திரும்பி,
கோட்டையும் சட்டையையும் உயர்த்தினார்.
தழும்பு முதுகில் இருந்தது,
ஒரு நாணயத்தின் அளவில்.

"காய்ச்சல்னு சொல்லலாம். காய்ச்சல் இருந்தது.
ஆனா குதிரையைத் திருப்பினது காய்ச்சல் இல்ல.
உள்ளே போனவன் சிரிலோ, சமையல்காரன்.
இடுப்பில கரண்டி தொங்கிட்டிருந்தது,
எடுத்து வைக்க மறந்துட்டான்.
அவன் பின்னாலதான் எல்லாரும் போனாங்க."

குடும்பப் பேர்?

"எஜமானோட பேர் இருந்தது.
விடுதலையான அன்னிக்கே விட்டுட்டான்.
வேற ஒண்ணு தேடிக்கிறதுக்குள்ள
ஆறு வந்துருச்சு."

விதியைச் சொன்னேன்.
வரி போனால் மேஜர் பதவி போகும்,
மேஜர் போனால் கர்னல், கர்னல் போனால் பென்ஷன்.
மேலும் ஐயா,
குடும்பப் பேர் இல்லாதவனை எழுத
இந்த ஏட்டில் கட்டம் கிடையாது.

தண்ணீர் கேட்டார். குழாயில் பிடித்துக் கொடுத்தேன்.
"துருவடிக்குது" என்றார்,
அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்.
பேனாவை என் கையிலிருந்து எடுத்து
ஓரத்தில் எழுதினார்.
சி-யை மட்டும் பெரிதாக,
மற்றதெல்லாம் சறுக்கலாக.
ஒத்தித்தாள் வைக்க விடவில்லை.
காயும்வரை ஊதிக்கொண்டே இருந்தார்.

அவர் கால் படி இறங்குவது கேட்டது.
ஏட்டில் கிறுக்கல் இருந்தால்
தணிக்கையாளர் என் சம்பளத்தில் கைவைப்பார்.
எனக்கு நாலு பிள்ளைகள்.
முத்திரையை ஊதா மையில் அழுத்தி
அந்தப் பேரின்மேல் குத்தினேன், இரண்டு தடவை.

போன மாதம் அவரை அடக்கம் செய்தோம்.
பீரங்கி வண்டியில் பெட்டி, பள்ளிப் பிள்ளைகள், வாத்தியம்.
கல்லில் பெரிய எழுத்தில்
ஹோபோ துறை வீரர்.
வாசகத்தை ஏட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

திரும்பி வந்தபோது பெஞ்சில் ஒருவர் காத்திருந்தார்.
மூன்று சண்டைகள் சேர்க்க வேண்டுமாம்.
உட்காரச் சொன்னேன்.